ரேந்தையும் ராட்டையும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நியூஜெர்சியில் இப்போது இரவு 9:30, டெக்சாஸில் 8:30, எங்கள் லிவர்மோரில் மாலை 6:30. ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு விடிந்து 7 மணி. கையில் காப்பி இருக்கும். என் கையில் ஊசியும் நூலும் இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. நர்சிங் டிப்ளமோ படித்தவள், இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸ். என்னைப் பேச அழைத்த நண்பர்கள் மருத்துவமனை அனுபவங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "தாராளமாக, எந்த நூல்?" என்றார்கள். பஞ்சிலிருந்து நூற்கிற நூல் என்றேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு, சரி, பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கேட்டது என் அம்மா. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். 2020இல் ஒரு நாள் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது என் கையைப் பார்த்துவிட்டார்கள்.

"மக்ளே, கையில என்னது?"

"ஸ்வெட்டர் பின்னுறேன் அம்மா."

"எவ்வளவு கூலி தருவாவ?"

"கூலி ஒண்ணும் கிடையாது. சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கா மக்ளே உன்னப் படிக்க வச்சேன்?" என்றார்கள். அழைப்பு துண்டித்துப் போயிற்று. நெட்வொர்க் போனதா, அம்மா வைத்துவிட்டார்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். இரவு டியூட்டி முடித்து வந்தால் தூக்கம் வராது. கண்ணை மூடினால் வென்டிலேட்டர் சத்தம் கேட்கும். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் ஒரு நாள் இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் தந்து, கைக்கு வேலை கொடு, மனசு தானாக அடங்கும் என்றார். அப்படித்தான் நான் பின்ன ஆரம்பித்தேன். பின்னலில் அடிப்படை இரண்டே அசைவுதான். கண்ணிக்குள் முன்பக்கமாக ஊசியை விட்டு இழுத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். உலகத்தில் உள்ள அத்தனை ஸ்வெட்டரும் சாக்ஸும் இந்த இரண்டிலிருந்து வந்தவை. ஆனால் எண்ணிக்கை அதிகம். என் முதல் ஸ்வெட்டரின் உடம்புக்கு மட்டும் வரிசைக்கு 220 கண்ணி, 250 வரிசை. பெருக்கிப் பாருங்கள், 55,000 கண்ணி. இத்தனைக்கும் லிவர்மோரில் கோடையில் 100 டிகிரி அடிக்கும்.

லிவர்மோர் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது சிவா விஷ்ணு கோவில். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரியாமல், "கோவிலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அடுத்தது 1952இல் தொடங்கிய அணு ஆய்வுக்கூடம். மூன்றாவது, தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துகொண்டிருக்கும் மின்விளக்கு. நான் சொல்ல வருவது இவை மூன்றுக்கும் முந்தைய கதை.

எங்கள் ஊரிலிருந்து மலை தாண்டினால் ஃப்ரீமாண்ட். அங்கே 1797இல் ஸ்பானியத் துறவிகள் சான் ஹோசே மிஷனை அமைத்தார்கள். இன்று திராட்சைத் தோட்டங்களாக இருக்கும் லிவர்மோர் பள்ளத்தாக்கு அப்போது அந்த மிஷனின் மேய்ச்சல் நிலம். மண்ணுக்கு உரியவர்களான ஓலோனி மக்களை மிஷனுக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் பிறகு தன் இஷ்டத்துக்கு வெளியேற முடியாது. கலிபோர்னியா மிஷன்களில் பெண்களுக்குக் கொடுத்த வேலைகளில் முக்கியமானது ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து நூற்பது, கம்பளி நெய்வது. 1830களின் நடுவில் மிஷன் நிலங்களை மெக்சிகோ அரசு பிரித்துக் கொடுத்தது. ராபர்ட் லிவர்மோர் என்ற ஆங்கிலேய மாலுமிக்கு 1839இல் இங்கே பெரிய பண்ணை கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது அவரிடமிருந்து. நூற்ற பெண்களின் பெயரில் இங்கே ஒரு தெருவும் எனக்குத் தெரிந்து இல்லை. என் மதத்தின் பெயரால் நடந்த காரியம் இது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறொரு மிஷனைப் பற்றிச் சொல்லப் போகிறேன், அப்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னத் தொடங்கிய இரண்டாம் வருடம் நூற்கவும் ஆசை வந்தது. இந்தப் பக்கத்தில் நூற்பவர்கள் திராட்சைத் தோட்டங்களில் கூடுவது உண்டு. மரத்தடியில் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு சக்கரத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப் போன ஒரு நாள், எழுபது வயதிருக்கும் ஓர் அமெரிக்கப் பாட்டி பெரிய புத்தகம் மாதிரி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு சக்கரம், ஒரு கதிர். என்னைப் பார்த்து, "இது உங்கள் ஊர்ச் சாமான்தானே, எனக்குச் சரியாக வரவில்லை, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கடைசியில் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பெட்டிக்கு எரவாடா ராட்டை என்று பெயர். காந்தி 1930களின் தொடக்கத்தில் எரவாடா சிறையில் இருந்தபோது செம்மைப்படுத்தி எடுத்த வடிவம். தூக்கிக்கொண்டு போகலாம், ரயிலில் வைத்து நூற்கலாம். ஆனால் ராட்டைக்கு அவர் வந்து சேர்ந்த கதை இன்னும் சுவாரசியமானது. ராட்டையும் தறியும் இந்தியாவின் வறுமைக்கு மருந்து என்ற எண்ணம் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே அவருக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் தான் ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்திய சோதனையில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகும் கிடைக்கவில்லை. கடைசியில் கங்காபென் மஜ்முதார் என்ற விதவைப் பெண்தான் குஜராத்தில் ஊர் ஊராகத் தேடி, விஜாப்பூரில் வீட்டுப் பரண்களில் கிடந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். பஞ்சுப் பட்டை தந்தால் நூற்றுத் தருகிறோம் என்றார்கள் அந்த ஊர்ப் பெண்கள். கதர் இயக்கம் அந்தப் பரணிலிருந்து இறங்கி வந்தது.

எனக்கு நூற்கத் தெரிவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. எப்படி என்று சொல்கிறேன். இடது கையில் பஞ்சுப் பட்டை. வலது கை சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் நூறு சுற்றுக்கு அக்கம்பக்கமாகச் சுற்றும். அந்த முறுக்கு ஏறும்போதே இடது கையைப் பின்னால் இழுக்க வேண்டும். இங்கேயும் இரண்டே காரியம்தான், முறுக்குவதும் இழுப்பதும். முறுக்கு குறைந்தால் நூல் அறுந்து கையோடு வரும். கூடினால் சுருண்டு பூச்சியாகும். ஆட்டு ரோமம் மூன்று நான்கு அங்குல நீளம், தப்பு செய்தாலும் மன்னிக்கும். பருத்தி இழை ஏறக்குறைய ஒரு அங்குலம்தான். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கருங்கண்ணி அதைவிடவும் குட்டை. அதை நூற்றவர்களின் விரலை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

1924இல் பெல்காம் காங்கிரசில் காந்தி தலைவரானபோது ஒரு விதி கொண்டுவந்தார்கள். காங்கிரசில் உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும். தானே நூற்கலாம், முடியாதவர் வேறொருவரை வைத்து நூற்றுக் கொடுக்கலாம். என் கணக்கைச் சொல்கிறேன். நல்ல நாளில் எனக்கு மணிக்கு 100 கெஜம் வரும். அப்படியென்றால் மாதம் 20 மணி நேரம். பாதிப் பேர் ஏன் ஓடிப்போனார்கள் என்று இப்போது புரிகிறது. அந்த விதி ஒரு வருடம்கூட முழுசாக நிற்கவில்லை. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தனியாக அமைந்தது. அதன் தமிழ்நாட்டு வேலை திருப்பூரை மையமாகக் கொண்டு நடந்தது. திருப்பூர் முதலில் கதர் ஊர், பிறகுதான் பனியன் ஊர் என்பது பலருக்குத் தெரியாது.

நல்ல ராட்டை செய்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929இல் அந்தச் சங்கம் அறிவித்தது. பரிசை யாரும் வெல்லவில்லை. காந்தி போன பிறகு, அந்தச் சிக்கலில் பெரிய அடி எடுத்து வைத்தவர் ஒரு தமிழர், ஏகாம்பரநாதன். ஒரே கைப்பிடியைச் சுற்றினால் பல கதிர்கள் ஓடும்படி அவர் செய்ததுதான் அம்பர் ராட்டை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது அதை நாடெங்கும் பரப்பலாமா என்று ஆராய 1956இல் மத்திய அரசு குழுவே போட்டது. ஏகாம்பரத்தின் அம்பரம் டெல்லி வரை போயிற்று, ஆளின் பெயரைத் தமிழர்கள் நாமே மறந்துவிட்டோம்.

இலக்கியக் கூட்டம் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. நன்னூல் பாயிரத்தில், ஒரு நூல் எப்படி உருவாகிறது என்பதற்கு உவமை வரும். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நூற்கக் கற்ற பிறகு எடுத்துப் படித்தேன். கவனித்தீர்களா, அதில் பஞ்சு இருக்கிறது, கை இருக்கிறது, கதிர் இருக்கிறது. சக்கரம் இல்லை. நன்னூல் 13ஆம் நூற்றாண்டு. இந்தியாவில் நூற்கும் சக்கரத்தைப் பற்றித் தெளிவான எழுத்துச் சான்று 1350இல் இசாமி என்பவர் எழுதிய பாரசீக நூலில்தான் கிடைக்கிறது என்கிறார் வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப். அப்படியானால் பவணந்தியார் பார்த்த பெண் கதிரை மட்டும் கையால் சுழற்றி நூற்றவளாக இருக்கலாம். நம் அப்பா அம்மா பள்ளியில் சுற்றினார்களே தக்ளி, அந்த வகை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. எங்கள் தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் குணசாலியான பெண் ஒருத்தி வருவாள். அவள் கையில் கதிரும் இருக்கும், இராட்டினமும் இருக்கும். அந்த அதிகாரம் எழுதப்பட்ட காலத்தில் அந்த நாட்டில் இராட்டினம் கிடையாது. எபிரேயப் பெண்ணின் கையில் இருந்தது வெறும் கோல்தான். தமிழாக்கியவர்கள் தமிழ்நாட்டுத் திண்ணையில் பார்த்ததை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். சிறு வயதில் அவளை எங்கள் ஊர்ப் பெண் என்றே நான் நினைத்திருந்தேன்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

லேஸுக்குத் தமிழில் ரேந்தை என்று பழைய சொல் உண்டு. போர்த்துகீசியச் சொல்லான ரெண்டாவிலிருந்து வந்தது. எங்கள் அம்மாச்சி காலம்வரை ரேந்தை என்றுதான் சொல்வார்கள். தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் ஊழியராகச் சார்லஸ் மால்ட் 1819இல் நாகர்கோவில் வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை ஏற்று நடத்தினார். இன்றைய டதி பள்ளியின் வேர் அது. 1821 வாக்கில் அங்கே பிள்ளைகளுக்கு ரேந்தை போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஊசியில் பின்னும் லேஸ் அல்ல, தலையணை லேஸ். இறுக்கமாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட அட்டையை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இணை இணையாகத் தொங்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றை மாற்றி மாற்றிப் போடுவது. இங்கேயும் இரண்டே அசைவு, மாற்றுவதும் முறுக்குவதும். கை போகிற வேகத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதுதான் முக்கியம். திருவிதாங்கூரில் அன்று அடிமை முறை இருந்தது. ஆளை நிலத்தோடு விற்கலாம், நிலம் இல்லாமலும் விற்கலாம். சட்டப்படி அது ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்களைப் பற்றி மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. நூல் விற்ற காசில் ஒரு பெண் தன்னையே வாங்குகிறாள். எங்கள் ஊரைப் பற்றி நான் படித்ததில் என்னை உலுக்கிய செய்தி இதுதான்.

அதே வருடங்களில் நடந்த இன்னொன்றை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். நாடார் முதலான சாதிப் பெண்கள் அன்று மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது. மறைத்தால் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். மிஷனரிகளின் மனைவிமார் குப்பாயம் என்ற தொளதொளச் சட்டையைத் தைத்துப் போடச் சொன்னார்கள். 1829இல் வந்த அரசாணை, குப்பாயம் போடலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்றது. 1858இன் கடைசியில் மறுபடி கலவரம். 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும்கூட, சட்டை போடலாம், முரட்டுத் துணியைப் போர்த்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்வது இந்த நீண்ட கதையைத்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விடுதிப் பள்ளியில் ஒரு பெண் தலையணைமேல் குனிந்து, வெள்ளைக்காரச் சீமாட்டியின் கழுத்துப் பட்டைக்கு ரேந்தை போட்டுக்கொண்டிருக்கிறாள். மெல்லிய நூல், நாளுக்குச் சில அங்குலம் நீளும் வேலை. அதை முடித்துக் கொடுத்துவிட்டுத் தன் ஊர்ச் சந்தைக்குப் போனால், அவள் தோளில் துணி கிடக்கலாமா கூடாதா என்று இன்னொருவன் முடிவு செய்வான். உலகத்துக்கே அலங்காரம் செய்கிற கைக்குத் தன் உடம்பை மூட உரிமை இல்லை.

மார்த்தா மால்ட்டைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. பிள்ளைகளை வேலை வாங்கி அந்தப் பணத்தில் பள்ளியும் நடந்தது. எந்த வடிவம் போட வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. கலிபோர்னியா மிஷனில் ஓலோனிப் பெண்ணின் கையில் கொடுத்த நூல் அவளைக் கட்டிப் போட்டது. நாகர்கோவிலில் கொடுத்த நூலால் சிலர் கட்டவிழ்த்துக்கொண்டார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் எளிமையானது. இங்கே அந்தப் பெண்ணின் கைக்குக் காசு வந்தது, எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

காந்திக்கும் கடைசியில் இந்தக் கேள்விதான் வந்து நின்றது. கதர் மலிவாக இருக்க வேண்டும் என்று பதினைந்து வருடம் ஓடிய பிறகு, நூற்கிற பெண்ணுக்கு வயிறு நிறைகிறதா என்று 1935இல் கேட்டார். 8 மணி நேரம் நூற்றால் 8 அணா தர வேண்டும் என்றார். சங்கத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள், கதர் விலை ஏறிவிடும், யார் வாங்குவார்கள் என்று. அவர் கேட்டதைவிடக் குறைவாகத்தான் நிர்ணயித்தார்கள்.

மால்ட் வீட்டு மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தாய்மொழி மாதிரி. 1844இல் அவர் மணந்தது யாரை தெரியுமா? ராபர்ட் கால்டுவெல்லை. 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வாழ்ந்த இடையன்குடியில், எலைசா தன் அம்மாவிடம் கற்றதைப் பனங்காட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இடையன்குடி லேஸ் என்று அதற்குப் பெயரே நிலைத்தது. ஒப்பிலக்கணத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. பக்கத்து அறையின் கட்டைச் சத்தத்தைப் பற்றி யாராவது ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும். நம் கூட்டத்தில் இளைஞர்கள் இருக்கிறீர்கள், அதற்காகவே சொல்கிறேன்.

எங்கள் அம்மாச்சியும் ரேந்தை போட்டவர்கள். மிஷன் காலம் முடிந்து, ஏஜெண்டுகள் காலம். ஏஜெண்ட் வந்து நூல் கொடுப்பார், எடை போட்டுக் கொடுப்பார். முடித்த ரேந்தையை எடை போட்டு வாங்குவார். நூல் குறைந்தால் கூலியில் பிடிப்பார். அழுக்குப் பட்டால் பிடிப்பார். பின்பக்கம் முடிச்சுத் தெரிந்தால் பிடிப்பார். அம்மாவும் பத்து வயதிலிருந்து தலையணைமுன் உட்கார்ந்தவர்கள். அம்மாச்சிக்கு வயதானபோது கண் தெரியாமல் போயிற்று. "எங்க அம்மைக்க கண்ணு ரேந்தையிலதான் போச்சு" என்று அம்மா இன்றும் சொல்வார்கள். நர்ஸாக எனக்குத் தெரியும், அது கண்புரை. ரேந்தை போடாதவர்களுக்கும் வரும். இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் சொல்வது கண்ணைப் பற்றி மட்டும் அல்ல.

அம்மா ஒரு முடிவு எடுத்தார்கள். என் மகள் நூலைத் தொடக் கூடாது. வீட்டில் கிடந்த மரக்கட்டைகள் அடுப்புக்குப் போயின. நான் பள்ளியில் கைவேலை வகுப்புக்கு ஊசி கேட்டபோதுகூட, கடையில் வாங்கிய ஒரு கைக்குட்டையைக் கொடுத்து, இதைக் காட்டு என்று அனுப்பினார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்த பணமும் சேர்ந்துதான் என் நர்சிங் படிப்புக்கு ஆயிற்று. இப்போது அம்மாவின் கேள்வியை மறுபடி கேளுங்கள். இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? மூன்று தலைமுறை பாடுபட்டுத் தப்பித்த இடத்துக்கு, 30 டாலர் கொடுத்து ஒரு சிட்டம் நூல் வாங்கி நானே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வராதா?

என் தொழிலுக்கும் பின்னலுக்கும் உள்ள தொடர்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் திறந்து பட்டன் வைத்த ஸ்வெட்டருக்குக் கார்டிகன் என்று பெயர். கழுத்திலிருந்து சரிந்து வரும் கைக்கு ராக்லன் என்று பெயர். முகத்தை மூடும் குல்லாவுக்குப் பாலக்ளாவா. மூன்று பெயரும் ஒரே போரிலிருந்து வந்தவை, 1850களின் கிரிமியப் போர். கார்டிகனும் ராக்லனும் தளபதிகள், பாலக்ளாவா போர்க்களம். குளிரில் விறைத்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்துப் பெண்கள் பின்னி அனுப்பினார்கள். அதே போருக்கு 1854இல் போனவர்தான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். வெட்டிக்கொன்ற தளபதிகளின் பெயர் உடையில் ஒட்டிக்கொண்டது, பின்னியவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. எங்கள் சர்ச்சில் தொற்காள் சங்கம் உண்டு. யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு அங்கியும் வஸ்திரமும் செய்து கொடுத்த தொற்காளின் பெயரால் நடப்பது. அவள் இறந்தபோது அந்த விதவைகள் அவள் தைத்த துணிகளைக் காட்டித்தான் அழுகிறார்கள். துணி செய்தவளின் பெயரை நினைவு வைத்திருக்கும் கதை என்பதால் எனக்கு அது பிடிக்கும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்புச் சூடு தலை வழியாகத்தான் வேகமாகப் போகும். அவர்களுக்கான குல்லா ஓர் ஆரஞ்சுப் பழ அளவு இருந்தால் போதும். 2 மணி நேரத்தில் ஒன்று பின்னிவிடுவேன். இதுவரை எத்தனை என்று எண்ணவில்லை.

கடைசியாக ஒன்று. லிவர்மோரிலிருந்து வடக்கே கேப்பே பள்ளத்தாக்கில் சாலி ஃபாக்ஸ் என்ற பெண்மணி இருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் ஒரு பருத்தி ஆராய்ச்சியாளரிடம் வேலை செய்தபோது, ஒதுக்கிப் போட்ட பையில் பழுப்பு நிறப் பருத்தி விதைகளைப் பார்த்தார். அவரே கையால் நூற்பவர். சாயம் போடாமலே நிறம் உள்ள பஞ்சு, ஆனால் இழை குட்டை, மில்லுக்கு ஆகாது என்று எல்லோரும் தள்ளியது. அவர் வருடா வருடம் விதைத்து, நீண்ட இழை வந்த செடியைப் பொறுக்கி மறுபடி விதைத்து, மில்லில் ஓடும் அளவுக்குக் கொண்டுவந்தார். பழுப்பும் பச்சையும் செடியிலேயே காய்க்கிறது. அந்த மாதிரிப் பழுப்புப் பஞ்சை வாங்கி, எரவாடா ராட்டையில் நூற்று, இரண்டு இழையை எதிர்ப்பக்கம் சேர்த்து முறுக்கி, அம்மாவுக்கு ஒரு சால்வை பின்னினேன். டியூட்டி போக மிச்ச நேரத்தில் 14 மாதம் ஆயிற்று.

போன வருடம் ஊருக்குப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். இது எந்த ஊர்ப் பஞ்சு என்று அம்மா கேட்டார்கள். கலிபோர்னியாவில் விளைந்தது, நானே நூற்றேன் என்றேன். விரித்தார்கள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். ஏஜெண்ட் பார்க்கிற மாதிரியே. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலால் தடவிக்கொண்டே போனார்கள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே நான் ஒரு கண்ணியை விட்டுவிட்டு, வெளியே தெரியாமல் முடிச்சுப் போட்டு மறைத்திருந்தேன். 14 மாதத்தில் அந்த ஒரு இடம்தான்.

"இதுக்குக் கூலி வெட்டிருப்பாவ" என்றார்கள்.

பிறகு கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கு வெட்டுறதுக்கு ஆளில்ல, என்ன?" என்றார்கள். ஆமாம் அம்மா, ஆளில்லை என்றேன். அதுதான் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலும். அதை எனக்கு வாங்கிக் கொடுத்தது அவர்கள்தான் என்று சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நல்ல வெயில். அம்மா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்கு வந்தார்கள்.

பேசி முடிப்பதற்குள் இந்த வரிசையும் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.